கனகலதா அக்காவின் டிஸ்கஸ் தொட்டி

திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கனகலதா அக்காவிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு, லைன் இன்னும் வரவில்லையே என்று கத்துகிற அரிசி மண்டிக்காரர்களுக்கு அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "நான் கம்பி இல்லீங்க. கம்பிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கிற மனுஷி. மரியாதையா பேசுங்க." சொல்லிவிட்டு பிளக்கை உருவிவிடுவாள்.

நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. பெயர் சரோஜா. அடி அண்ணாமலையில் பயிர் வைக்கிற குடும்பம் எங்களுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அவளுக்குப் பயந்தவள்தான். பழகிய பிறகுதான் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது.

அக்கா வந்தவாசிப் பக்கம் நயினார் குடும்பத்துப் பெண். ஜைனர்கள். பி.யு.சி.யில் விலங்கியலில் நல்ல மார்க். மேலே படிக்கலாம் என்று இருந்தபோது கல்யாணம் ஆனது. புருஷன் தன்யகுமாரும் அதே ஊர்தான், கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவருக்குப் பேச வேண்டியதையெல்லாம் அவருடைய அண்ணன் ஜினசந்திரன் பேசிவிடுவார். ஊர் ஜினாலயத்தில் தர்மகர்த்தா, பெரிய மனிதர். "கட்டிக்கிட்டு வந்த பொண்ணு காலேஜுக்குப் போறது நம்ம வழக்கமில்ல" என்று அவர் சொன்னார், படிப்பு நின்றது. பிள்ளைக்கு என்ன பெயர், நிலத்தில் என்ன பயிர், எல்லாம் அவர் சொன்னதுதான். டெலிபோன் வேலைக்கான பரீட்சையை மட்டும் அக்கா யாரிடமும் சொல்லாமல் எழுதினாள். ஆர்டர் கையில் வந்த பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

அந்த வேலையின் பயிற்சிக்காக 1979-ல் மெட்ராஸ் போனபோதுதான் மூர் மார்க்கெட்டில் அந்த மீனைப் பார்த்தாள். டிஸ்கஸ். சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கும். பழுப்பு உடம்பு முழுக்க நீல நெளிகோடுகள், சிவப்புக் கண். "பஸ்ஸ விட்டுட்டேன் சரோ, அதப் பாத்துக்கிட்டே நின்னு" என்று என்னிடம் சொன்னாள். மகன் வேலூருக்கு ஹாஸ்டலில் படிக்கப் போன வருஷம், வீட்டுக் கூடத்தில் இடம் காலியானது. தொட்டி வைக்கப் போகிறேன் என்றாள்.

ஊரில் மீன் தொட்டி விற்கும் கடை கிடையாது. வெல்டிங் பட்டறை மூர்த்தியிடம் இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி வெட்டிப் பொருத்தி, ஓரமெல்லாம் பட்டி பூசச் சொன்னாள். நாலடி நீளத் தொட்டி. மொட்டை மாடியில் வைத்துத் தண்ணீர் நிரப்பினால் ஒரு மூலையில் கசிந்தது. மூர்த்தி வந்து பார்த்துவிட்டு, "துளித்துளியாத்தானேம்மா போவுது, போவப்போவ நின்னுடும்" என்றான்.

"உன் வீட்டுக் கூரை ஒழுவுச்சுன்னா போவப்போவ நின்னுடும்னு பாயப் போட்டுப் படுப்பியா? கழட்டு, மறுபடி பூசு."

அவன் மூன்று முறை பூசினான். மூன்றாவது முறை தொட்டி ஒரு வாரம் சொட்டாமல் நின்றது.

அடுத்தது தண்ணீர். பே கோபுரத் தெருவில் அவர்கள் குடியிருந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. சுடவைத்த குண்டானில் வெள்ளையாகப் படிவு உட்காரும். அதில் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு மூர் மார்க்கெட் போனாள். கடைக்காரர் ஏதோ மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்துவிட்டு, "உப்பு ரொம்ப ஜாஸ்திம்மா. டிஸ்கஸ் தாங்காது. கோல்ட் ஃபிஷ் எடுத்துட்டுப் போங்க, வீட்டுல பசங்க பாத்தா சந்தோஷப்படுவாங்க" என்றார்.

அன்று ராத்திரி பஸ்ஸில் திரும்பி வந்து மறுநாள் வேலைக்கு வந்தவள், காலை முழுக்க யாருக்கும் ஒழுங்காக லைன் கொடுக்கவில்லை. "பசங்க பாத்தா சந்தோஷப்படுவாங்களாம். எனக்கு வேணும்னு ஒருத்தி கேக்கவே கூடாதா?"

ஐப்பசி மழைக்குக் காத்திருந்தாள். மழை பிடித்ததும் வீட்டிலிருந்த அண்டா, குண்டான், தவலை எல்லாம் மாடிக்குப் போயின. நாலு டிரம் வாங்கினாள். முதல் மழையைக் கீழே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றி வைத்தாள். தண்ணீரை வடிகட்டாமல் பயன்படுத்துவதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சாகக் கூடாது என்பதற்காக. மழைத் தண்ணீரில் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் கலந்து, காய்ந்த வாதாம் மர இலைகளைப் போட்டு ஊறவைத்தாள். தண்ணீர் லேசான தேநீர் நிறத்துக்கு வந்தது. காற்று ஊதும் மோட்டார், பஞ்சு ஃபில்டர், அடியில் கழுவிய மணல், சாய்த்துவைத்த ஒரு மண்பானை. மீன் இல்லாத தொட்டி ஒரு மாதத்துக்கு மேல் குமிழி விட்டுக்கொண்டு கிடந்தது. "கடல் தண்ணியா, குடி தண்ணியா? எதுக்கு இப்படி ஊதிக்கிட்டே கெடக்குது?" என்று எதிர்வீட்டு சந்திரம்மாள் கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

1984 மாசியில் ஆறு டிஸ்கஸ் வந்தன. ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகளைத் தகர டின்னில் வைத்து, பஸ்ஸில் டின்னை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் மேலே போடச் சொல்லியிருக்கிறார். அவருக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மீன்கள் வந்த பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. டின்னில் வந்த உலர்ந்த தீனியை அவை மோந்து பார்த்துத் துப்பின. நாளுக்கு நாள் முதுகுப்பக்கம் மெலிந்து கத்தி மாதிரி ஆனது. கடைக்காரருக்கு போன் போட்டால், "புழு போடுங்கம்மா, உயிரோட" என்றார். எங்கள் ஊர் வாய்க்கால் சேற்றில் சிவப்புப் புழு நிறைய உண்டு. நான் ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டு போனேன். அக்கா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். நெளிந்துகொண்டிருந்தது.

"நீ மீன் சாப்பிடுறவதானே சரோ. நீயே போட்டுடேன்."

நான் கையை விடப் போனேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். முகம் சிவந்துவிட்டது. என்மேல் கோபமில்லை.

"என்ன புத்தி பாரு எனக்கு. மீனு எனக்கு, பாவம் உனக்கா? குடு இப்படி."

அவளே போட்டாள். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆறு மீனும் பாய்ந்து வந்து தின்றன. அன்று சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த நாளும் போட்டாள், அதற்கடுத்த நாளும் போட்டாள்.

ஆடி மாதம் இரண்டு மீன்கள் ஜோடி சேர்ந்தன. மண்பானையின் பக்கத்தை வாயால் சுத்தம் செய்து முட்டை வைத்தன. குஞ்சுகள் நீந்த ஆரம்பித்ததும் அக்கா என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். பொடிப்பொடியான குஞ்சுகள் தாயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு, அதன் தோலில் ஊறும் வழவழப்பைத் தின்றுகொண்டிருந்தன. தாய் களைத்ததும் உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பி விலக, குஞ்சுகள் கும்பலாக அப்பனிடம் போயின. "பாத்தியா, பாத்தியா!" என்று என் தோளில் அடித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜினசந்திரன் வந்தார். கோர்ட்டு வேலையாக இரண்டு நாள் தம்பி வீட்டில் தங்கினார். புழு டப்பாவைப் பார்த்துவிட்டார். நான் அன்று டப்பா கொடுக்கப் போயிருந்ததால் பேச்சு என் காதிலேயே விழுந்தது.

"என்னம்மா கனகா இது? நம்ம வீட்டுல உயிர்ப் புழுவக் கொண்டாந்து வச்சிருக்கே?"

"மீனுக்கு, மாமா. அது அதைத்தான் தின்னுது."

"அப்ப மீனு எதுக்கு? கண்ணாடிக்குள்ள ஒரு ஜீவன அடைச்சு வைக்கறது ஒரு பாவம். அதுக்கு இன்னொரு ஜீவனப் போடறது இன்னொரு பாவம். விட்டுடு."

"பாவம்தான் மாமா. என் பாவம், நான் அனுபவிச்சுக்கறேன். ஆனா விட்டா செத்துடும். இது நம்ம ஊரு மீனில்ல. நம்ம கிணத்துத் தண்ணி, குளத்துத் தண்ணி எதுவும் ஒத்துக்காது. ஒரு மணி நேரம்கூடத் தாங்காது."

அவர் தலையை ஆட்டினார். அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்றே நாங்கள் நினைத்தோம்.

மறுநாள் எங்களுக்குக் காலை ஷிஃப்ட். முடிந்து நானும் அவளோடு வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. திறந்தால், தொட்டியில் பாதித் தண்ணீர். மோட்டார் ஊதிக்கொண்டே இருந்தது. மீன் ஒன்றுகூட இல்லை. பானை கவிழ்ந்து கிடந்தது. தரையெல்லாம் ஈரம்.

சந்திரம்மாள் வாசலில் வந்து நின்றாள். "உங்க மூத்தாரும் ஊட்டுக்காரரும் வாளியில எடுத்துக்கினு போனாங்களேம்மா. அடி அண்ணாமலை பக்கம் கொளத்துல வுடப் போறோம்னு சொன்னாரு பெரியவரு. உனக்குத் தெரியாதா?"

ஆட்டோ பிடித்துக்கொண்டு போனோம். அக்கா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு சீட்டு நுனியிலேயே உட்கார்ந்து வந்தாள்.

அது எங்கள் ஊர்க் குளம்தான். ஆடி வெயிலில் தண்ணீர் பாதிக்கு வற்றிப் பச்சையாக இருந்தது. மாடு குளிப்பாட்டுகிற இடம். படியில் துவைத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் எனக்குத் தெரிந்தவள். "ரெண்டு பேரு வந்தாங்கோ. பெரியவரு கைகூப்பி இன்னாவோ மந்திரம் சொன்னாரு. கவுத்தாங்கோ. அப்பறம் கையக் கழுவிக்கினு போயிட்டாங்கோ. அந்த மீனு இன்னாடி, ஒரு மாதிரி கருப்பா மாறி மேலயே நின்னுது? பருந்து வந்து ஒண்ணத் தூக்கினு போச்சு."

அக்கா புடவையோடு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு போனாள். பாசிக்கு நடுவே மூன்று மீன்கள் பக்கவாட்டில் மிதந்தன. ஒன்று கரையோரம் சேற்றில் ஒட்டியிருந்தது. இன்னொன்றின் செவுள் மட்டும் அசைந்தது. நீலக் கோடெல்லாம் மறைந்து கரி மாதிரி ஆகியிருந்தது. வெள்ளையம்மாளின் குடத்தை வாங்கி அதை எடுத்து விட்டாள். குஞ்சுகளைத் தேடினாள். அவற்றை அந்தத் தண்ணீரில் யார் தேடிக் கண்டுபிடிப்பது? கையால் அள்ளி அள்ளிப் பார்த்தாள். "வாக்கா, வா போலாம்" என்று நான் கரையிலிருந்து கூப்பிட்டது அவள் காதில் விழவேயில்லை.

குடத்திலிருந்ததும் ஆட்டோ ஊருக்குள் நுழையும்போது செத்துவிட்டது.

வீட்டில் அண்ணனும் தம்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே சாப்பிட்டு முடிப்பவர்கள் அவர்கள். அக்கா ஈரப் புடவையோடு, சேற்றுக் காலோடு நேராகக் கூடத்துக்குப் போனாள். குளத்திலிருந்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்த செத்த மீன்களை எடுத்து ஜினசந்திரனின் இலைக்குப் பக்கத்தில் தரையில் வரிசையாக வைத்தாள்.

"சாப்பிடுங்க மாமா."

அவர் துள்ளி எழுந்தார். "ஏ கனகா! என்ன காரியம் பண்ற? சாப்பிடுற இடத்துல பொணத்தக் கொண்டாந்து..."

"நீங்க பண்ணினதுதான். நான் தூக்கிக்கிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

"அடைஞ்சு கெடந்த ஜீவனுக்கு நான் விடுதலை குடுத்தேன். புண்ணியம் அது."

"விட்டா செத்துடும்னு உங்ககிட்ட சொன்னேனா இல்லியா?"

"அதனோட ஆயுசு முடிஞ்சிருந்தா நாம என்னம்மா..."

"சொன்னேனா இல்லியா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். தன்யகுமார் இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"வாளிய யாரு புடிச்சது?" என்று அக்கா கேட்டாள்.

"நான்தான்."

"ஏன்?"

"அண்ணன் சொன்னாரு."

"அண்ணன் சொன்னாரு" என்று அவளும் சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அவள் புருஷனோடு பேசவில்லை. சமைத்தாள், தட்டை வைத்தாள், அவ்வளவுதான். தொட்டியை அப்படியே காலியாக விட்டுவைத்திருந்தாள். அவர் அதைத் தினமும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று என்னிடமே சொன்னாள்.

ஆவணியில் அவர்களுடைய தசலட்சண விரத நாட்கள் வந்தன. பத்து நாள் விரதம் முடிந்ததும் சொந்த ஊர் ஜினாலயத்தில் கூடி, ஒருவரிடம் ஒருவர் பிழை பொறுக்கச் சொல்லிக் கைகூப்புவார்கள். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தன்யகுமாரும் வந்தார். பூஜை முடிந்தது. பெரியவர் சின்னவர் என்று பார்க்காமல் எல்லோரும் எல்லோரையும் கும்பிட்டார்கள். எனக்கே மனம் இளகிவிட்டது. ஜினசந்திரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காவுக்கு நேராக வந்து நின்றார். நாலு பேர் பார்க்கும்படி கைகூப்பினார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ நான் செஞ்ச பிழை எதுவா இருந்தாலும் பொறுத்துக்கணும்மா."

அக்கா கைகூப்பவில்லை. "எந்தப் பிழை மாமா?"

அவர் விழித்தார். "எதுவா இருந்தாலும்."

"எதுவா இருந்தாலும்னா எனக்குப் புரியல. மீன விட்டது புண்ணியம்னு சொன்னீங்க. புண்ணியம்னா மன்னிப்பு எதுக்கு? தப்புன்னா, என்ன தப்புன்னு சொல்லுங்க. சாகும்னு தெரிஞ்சே விட்டேன்னு சொல்லுங்க. இந்த இடத்துலயே உங்க கால்ல விழுந்து பொறுத்துக்கறேன்."

யாரோ ஒரு அம்மாள், "கனகா, இன்னிக்கு நாளு என்னன்னு தெரியுதா? மீனுக்காகவா இப்படி?" என்று அவள் கையைப் பிடித்தாள். அக்கா கையை உதறினாள்.

"ஆமா, மீனுக்காகத்தான். எறும்ப மிதிக்காம நடக்கச் சொல்லிக் குடுத்தீங்க இல்ல எனக்கு? இதே எடத்துலதான் சொல்லிக் குடுத்தீங்க."

ஜினசந்திரன் திரும்பி நடந்துபோய்விட்டார். கூட்டம் அவரோடு போனது. எங்களுக்கு அன்று அந்த ஊரில் யாரும் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் முன்சீட்டில் இருந்தேன். வந்தவாசி தாண்டியதும் பின்னாலிருந்து தன்யகுமாரின் குரல் கேட்டது. மெதுவாக, ஆனால் திக்காமல் பேசினார்.

"வாளியில போகும்போதே ஒண்ணு சாய்ஞ்சுடுச்சு கனகா. நான் பாத்தேன். குளத்துல கைய வச்சா சுட்டுச்சு. இதுங்க சாகப்போவுதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் கவுத்தேன். அண்ணனப் பகைச்சுக்க பயம். உன்னப் பகைச்சுக்கலாம், நீ எங்க போவப்போறன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அக்கா பிடித்துக்கொண்டாள். "இத அன்னிக்கே சொல்றதுக்கு வாய்க்கு என்ன கேடு?" என்று அவள் போட்ட சத்தத்தில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து உள்ளதையெல்லாம் எடுத்துப் போட்டாள். படிப்பு நின்றது, பிள்ளைக்குப் பெயர் வைத்தது, ஒன்று விடவில்லை. அவர் "ஆமா", "ஆமா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சேத்துப்பட்டில் பஸ் நின்றது. "எறங்கி வேர்க்கடலை வாங்கிட்டு வாங்க. சரோஜாவுக்கும் சேத்து" என்றாள். அவர் ஓடினார்.

1986-ல் மறுபடியும் தொட்டி நிறைந்தது. மூர் மார்க்கெட் அதற்குள் எரிந்துபோயிருந்தது. மெட்ராஸில் விசாரித்து விசாரித்து, கொளத்தூரில் மீன் வளர்க்கிற ஒருவரைப் பிடித்து எட்டு மீன் வாங்கிவந்தாள். இந்த முறை டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் தன்யகுமார்.

மீனைக் குளத்தில் விட்ட நாளிலிருந்து ஜினசந்திரன் நான்கு வருஷம் அந்த வீட்டுப்படி ஏறவில்லை. 88-ல் சிறுநீரகக் கோளாறு வந்து, திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர வேண்டியிருந்தது. வேறு எங்கே தங்குவார்? அக்கா அவருக்கு உப்பில்லாமல் சமைத்தாள், வேளைக்கு மருந்து கொடுத்தாள், வேட்டி துவைத்தாள். பேச்சு மட்டும் அளவோடு. கூடத்தில் கட்டில் போட்டிருந்ததால் தொட்டி அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. மணிக்கணக்காக அந்த மீன்களையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அவர் முன்னாலேயே அக்கா புழு போட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, தடுக்கவுமில்லை. அடுத்த வருஷம் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று நான் கேட்டேன். "கடைசியிலயாவது மன்னிச்சிட்டியாக்கா?"

"அவரு கேக்கவே இல்லியே சரோ" என்றாள். ஹெட்போனை மேஜையில் போட்ட வேகத்தைப் பார்த்தால் கோபம் துளிகூடக் குறைந்ததாகத் தெரியவில்லை. "அத்தன நாளு கெடந்தாரு. ஒரு வார்த்த. நான் பக்கத்துலயேதான் இருந்தேன்."

இப்போதெல்லாம் அவள் வீட்டு டிஸ்கஸ் குஞ்சுகளைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கிற வெளிநாட்டுக்காரர்கள், வாத்தியார்கள், போன வாரம் செங்கம் ரோட்டிலிருந்து ஒரு இளம் தம்பதி. தொட்டி தயாராக இருக்கிறதா, மழைத் தண்ணீர் பிடித்திருக்கிறீர்களா என்று கேட்டு முடித்த பிறகு அக்கா அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"வீட்டுல வேற யார் யாரு இருக்காங்க?"

"மாமனார், மாமியார், கொழுந்தன். ஏங்க்கா?"

"எல்லாரையும் ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா. என் முன்னாடி உக்காந்து, இதத் தொடமாட்டோம்னு ஒவ்வொருத்தரும் வாயத் தொறந்து சொல்லணும். அப்பறம் தரேன்."

அந்தப் பெண் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. அக்கா சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் வந்து, கூடத்தில் பாயில் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுத்தான் மீனை வாங்கிக்கொண்டு போனார்கள்.